வீட்டில் வீசிய மீன் எங்கே கெட்டது? ஒரே வலையின் இரண்டு பங்குகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஒரே வலையில், ஒரே இழுப்பில் ஏறிய ஒரே இன மீன்களின் இரண்டு பங்குகளை இந்த ஆய்வு பின்தொடர்கிறது. கொழுப்புக் குறைந்த, வெள்ளைச் சதையுள்ள, நடுத்தர அளவுக் கடல்மீன் அது. பிடித்த நேரத்திலிருந்து உருகும் பனிக்கட்டியிலேயே இருந்தால் 12 நாள் வரை உண்ணத் தகுந்ததாக இருக்கும். காட் போன்ற குளிர்கடல் மீன்களுக்கு இது இயல்பான ஆயுள்.

வலையைப் படகின் தளத்தில் அவிழ்த்ததும், கிடைத்த மீனில் பாதியின் இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, சுத்தமான கடல்நீரில் கழுவி, உடனே பனிக்கட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். மறுபாதிக்கு ஆள் போதவில்லை. அடுத்த வலையை இழுத்து முடிக்கும் வரை ஆறு மணி நேரம், 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அது தளத்தின் ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது. அதன் பிறகு அதற்கும் அதே கவனிப்புக் கிடைக்கிறது. அதே பனிக்கட்டி, அதே பெட்டிகள், அதே அடுக்கு. பிடித்து 48 மணி நேரம் ஆனபோது படகு கரை சேர்கிறது. உடனே பனிக்கட்டிக்குப் போனதை முதற்பங்கு என்றும், தளத்தில் கிடந்ததை இரண்டாம் பங்கு என்றும் அழைப்போம்.

கரையிலிருந்து இரண்டுக்கும் பாதை ஒன்றே. ஏலக்கூடத்தின் தரையில் பனிக்கட்டியின்றி மூன்று மணி நேரம் கிடக்கும்போது மீனின் உடல் வெப்பம் 10 டிகிரியாக இருக்கிறது. குளிரூட்டிய வண்டியில் 2 டிகிரியில் ஒரு நாள் பயணம் செய்கிறது. கடையின் குளிர்மேடையில் 3 டிகிரியில் இரண்டு நாள் இருக்கிறது. வாங்கிச் சென்றவர் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரியில் இரண்டு நாள் கழிகிறது. இரண்டாம் நாள் முடிவில் சமைக்க எடுக்கும்போது முதற்பங்கு மீன் அடுப்பேறுகிறது. இரண்டாம் பங்கு மீனோ, பொட்டலத்தைப் பிரித்ததும் எழும் வாடையால் நேரே குப்பைக்குப் போகிறது.

இது ஒரு படகின் பதிவேட்டிலிருந்து எடுத்த நிகழ்வு அன்று. எந்தக் கடற்கரையிலும் காணக்கூடிய நடைமுறைகளை வரிசையாகக் கோத்து, மீன் கெடும் வேகத்தைப் பற்றி அறிவியல் நிறுவியுள்ள கணக்கைப் பொருத்திப் பார்ப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. இதன் மையக் கேள்வி எளியது. வீட்டில் வீசப்பட்ட அந்த மீனை வீணாக்கியது யார்?

கேள்வி ஏன் முக்கியம்

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018இல் வெளியிட்ட உலக மீன்வள நிலை அறிக்கை, கரைக்கு வந்த மீனில் 27 சதவீதம் உண்பவரை அடைவதற்குள் இழக்கப்படுகிறது அல்லது வீணாகிறது என்று மதிப்பிட்டது. கடலிலேயே தூக்கி எறியப்படுவதையும் சேர்த்தால் அது 35 சதவீதம். இந்தப் பெரிய எண்ணை வகை பிரிக்கும்போது, கடைக்கு வருவதற்கு முன் போனதை இழப்பு என்றும், கடையிலும் வீட்டிலும் போனதை வீணாக்கம் என்றும் தனித்தனிக் கணக்கில் எழுதுவது வழக்கம். நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.3ஆம் இலக்கும், 2030க்குள் கடை, வீட்டு மட்டத்தில் வீணாவதைப் பாதியாக்க வேண்டும் என்று ஒரு புறமும், உற்பத்திச் சங்கிலியில் இழப்பைக் குறைக்க வேண்டும் என்று மறு புறமும் இதே பிரிவின்படிதான் பேசுகிறது.

நம் நிகழ்வின் இரண்டாம் பங்கு மீனை இந்தக் கணக்கில் எழுதினால், அது முழுக்க வீட்டு வீணாக்கம். படகின் கணக்கில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஏலத்தில் முழு எடையும் விற்றது. கடையிலும் விற்றுத் தீர்ந்தது. ஆகவே, மீன் வீணாவதைக் குறைக்க விரும்பும் எவரும் இந்தக் கணக்கைப் பார்த்து வீட்டுக்காரருக்கு அறிவுரை சொல்லப் போவார்கள். அது தவறில்லை, ஆனால் பாதி உண்மைதான். மீனைப் பொறுத்தவரை, சேதம் நேரும் இடமும் அது வெளிப்படும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. பனிக்கட்டி கண்ட பிறகு மீன் பல நாள் அமைதியாக இருப்பதால், முதல் நாளின் பிழை கடைசிக் கையில்தான் வெடிக்கிறது.

நாள் கணக்கு

மீன் கெடுவது காலத்தை மட்டும் பொறுத்ததன்று. காலமும் வெப்பமும் சேர்ந்து தீர்மானிப்பது. ஜூன் ஆலி, டேவிட் ராட்கோவ்ஸ்கி ஆகிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் பணியால் 1970களிலும் 1980களிலும் நிலைபெற்ற ஒரு எளிய தொடர்பு இதற்கு உதவுகிறது. வெப்பநிலையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கினால், உருகும் பனிக்கட்டியில் கெடுவதைவிட எத்தனை மடங்கு வேகமாக மீன் கெடுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 0 டிகிரியில் அது 1. 5 டிகிரியில் 2.25. 10 டிகிரியில் 4. 20 டிகிரியில் 9. அதாவது 10 டிகிரியில் கழிந்த ஒரு நாள், மீனின் ஆயுளில் நான்கு நாளைச் செலவழித்துவிடுகிறது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது தெரிந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் செலவான ‘பனிக்கட்டி நாள்’களைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இந்தத் தொடர்பு மிதவெப்ப, குளிர்கடல் மீன்களை வைத்து உருவானது. வெப்பமண்டலக் கடல் மீன்கள் பனிக்கட்டியில் பொதுவாக இன்னும் கூடுதல் நாள் தாங்கும்; அவற்றுக்கு வேறு சூத்திரம் பயன்படுகிறது, சூடு மிகும்போது வேகம் அதில் மேலும் செங்குத்தாக ஏறும். எண்கள் மாறினாலும் வாதம் மாறாது.

இனி நிகழ்வைக் கணக்கிடுவோம். மீன் உடனே குளிர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், முதற்பங்கு கரை சேரும்போது செலவானது 2 நாள். இரண்டாம் பங்கு தளத்தில் கிடந்த ஆறு மணி நேரம் ஒன்பது மடங்காகி 54 மணி ஆகிறது. மீதி 42 மணி நேரம் பனிக்கட்டியில். ஆக மொத்தம் 96 மணி, அதாவது 4 நாள். இரண்டுக்கும் இடையே வெறும் இரண்டு நாள் வேறுபாடு. ஏலக்கூடத்தின் மூன்று மணி நேரம் அரை நாளைத் தின்கிறது. வண்டிப் பயணம் 1.44 நாள். கடையின் இரண்டு நாள் 3.38. வீட்டின் இரண்டு நாள் 4.5. கரையேறிய பின் ஆன செலவு இரண்டு பங்குக்கும் சமமாக 9.82 நாள்.

முதற்பங்கின் மொத்தச் செலவு 11.82 நாள். 12 நாள் ஆயுளின் விளிம்பில், ஆனால் விளிம்புக்கு உள்ளே. இரண்டாம் பங்கினுடையது 13.82. கடையில் விற்ற வேளையில் அதன் கணக்கில் 9.32 நாள் செலவாகியிருந்தது, மீதமிருந்த 2.68 நாளை வீட்டின் 5 டிகிரி ஒரு நாளும் ஐந்து மணிக்குள் தீர்த்துவிடுகிறது. வாங்கியவர் சோம்பேறித்தனம் எதுவும் செய்யவில்லை. மீன் வாங்கிய இரண்டு நாளில் சமைக்க எடுத்தார், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்காட்டிப்படி இரண்டு மீனுக்கும் வயது ஏழு நாள் சொச்சம்தான். பொட்டலத்தின் மேல் ஒட்டிய தேதிச் சீட்டு இரண்டுக்கும் ஒன்றே.

அந்த ஆறு மணி நேரத்தில் நடந்தது

உயிருள்ள மீனின் சதை கிருமியற்றது. பாக்டீரியாக்கள் தோலின் வழவழப்பிலும் செவுளிலும் குடலிலும் இருக்கின்றன. உயிர் போனதும் அவை உடனே சதைக்குள் புகுந்துவிடுவதில்லை; முதலில் வேலை தொடங்குவது மீனின் சொந்த நொதிகள். தசையில் ஆற்றலைத் தாங்கும் ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் படிப்படியாகச் சிதைந்து, இடையில் ஐனோசின் மோனோபாஸ்பேட் ஆகிறது. புதிய மீனின் தித்திப்பான சுவையில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அதுவும் சிதைந்து ஐனோசின் ஆகி, கடைசியில் கசப்புத் தட்டும் ஹைப்போசாந்தைன் ஆகிறது. இந்தச் சிதைவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அளக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் முன்வைத்த அளவுதான் கே மதிப்பு. கெட்ட வாடை எழுவதற்கு வெகு முன்பே சுவை போய்விடுவதை அது எண்ணாக்கிக் காட்டுகிறது.

வலையில் வெகுநேரம் போராடிய மீனின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையின் இருப்பு தீர்ந்திருக்கும். அத்துடன் சூடும் சேர்ந்தால் இறப்புக்குப் பின் வரும் விறைப்பு விரைவாகவும் கடுமையாகவும் வந்து, தசை நார்களைப் பிணைக்கும் இணைப்புத் திசுவை இழுத்துக் கிழிக்கிறது. துண்டு போடும்போது சதை அடுக்கடுக்காகப் பிளந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பிளவுக்குக் கடைக்காரரின் கத்தியைக் குறை சொல்வதுண்டு. பல நேரம் அது படகின் தளத்தில் உண்டான பிளவு.

அதற்கிடையே குடலில் உள்ள செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரை உள்ளிருந்து கரைக்கின்றன. நன்றாக இரை தின்றிருந்த மீனில் இது இன்னும் வேகம். சிறுமீன்களின் வயிறு வெடிப்பது இதனால்தான். குவியலின் அடியில் கிடக்கும் மீன் நசுங்கும்போது செவுளிலிருந்தும் குடலிலிருந்தும் கசியும் நீர் மேலும் கீழும் உள்ள மீன்களின் மேல் படிகிறது. வடிக்கப்படாத இரத்தம் சதைக்குள் உறைந்து கறையாகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கழுவினாலும் தோலின் மேல் இருப்பதுதான் போகும்.

பாக்டீரியாக்களின் வேலை பின்னால் வருகிறது, ஆனால் அதற்கான இருப்பு முன்னாலேயே சேர்ந்துவிடுகிறது. கடல்மீனின் சதையில் இயல்பாக உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்னும் வாடையற்ற பொருளை, ஷீவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். பனிக்கட்டியின் குளிரிலும் இவை வளரும், மெதுவாக. 20 டிகிரியில் பெருகி முடித்த கூட்டம் பனிக்கட்டிக்குள் போனால், அது ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பனிக்கட்டி காலத்தை நிறுத்துவதில்லை, பின்னோக்கித் திருப்புவதும் இல்லை என்பதை மீன் கையாளும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணுக்குத் தெரிவது

கரையேறியபோது இரண்டு பங்கையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியுமா? பழகிய கண்ணுக்குத் தெரியும், ஆனால் குனிந்து பார்க்க வேண்டும். முதற்பங்கு மீனின் செவுள் மூடியைத் தூக்கினால் செவுள் இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பளிச்சென்ற சிவப்பில், தெளிந்த வழவழப்போடு இருக்கும். கடற்பாசியின் வாசனை வரும். இரண்டாம் பங்கில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கி, சிவப்பு மங்கி, வழவழப்பு பால்போலக் கலங்கியிருக்கும். வயிற்றின் உட்புறம் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் இரத்தக்கோடு முதற்பங்கில் செந்நிறமாகவும், மற்றதில் பழுப்பு ஓரத்தோடு பக்கச் சதைக்குள் பரவியும் இருக்கும். விரலால் முதுகை அழுத்தி எடுத்தால் ஒன்றில் பள்ளம் உடனே நிமிர்கிறது. மற்றதில் ஒரு கணம் தங்கி நிமிர்கிறது. கண்விழி இரண்டிலும் இன்னும் புடைத்தே இருக்கக்கூடும் என்பதால், கண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவார்கள்.

இப்படிப் பார்ப்பதை முறைப்படுத்தும் முயற்சிகள் பழையவை. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 1929இல் தொடங்கிய டோரி ஆய்வு நிலையம், சமைத்த மீனின் மணத்துக்கும் சுவைக்கும் 10 முதல் 3 வரை மதிப்பெண் தரும் அளவுகோலை உருவாக்கியது. 1980களில் தாஸ்மேனியாவில் தோன்றிய தரக் குறியீட்டு முறை, பச்சை மீனின் செவுள், கண், தோல், சதை என ஒவ்வொன்றுக்கும் குறைக்கான புள்ளி கொடுத்துக் கூட்டுகிறது. பனிக்கட்டியில் கழிந்த நாளுக்கு ஏற்ப அந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுவதால், மீதி எத்தனை நாள் என்று சொல்ல முடிகிறது. ஆய்வகத்தில், மீன் கெடும்போது சேரும், எளிதில் ஆவியாகும் காரநைட்ரஜனை அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இனத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு 25 முதல் 35 மில்லிகிராம் வரை எல்லை வைத்திருக்கிறது. ஆனால் இந்த வேதிச் சோதனை, மீன் கெடும் தறுவாயில்தான் பேசத் தொடங்கும். ஏலக்கூடத்தில் நம் இரண்டு பங்கையும் அது பிரித்துக் காட்டாது. செவுளைத் தூக்கிப் பார்த்தவர் காட்டிவிடுவார்.

ஒவ்வொரு கையும் என்ன செய்திருக்கலாம்

படகில் ஆள் போதாது என்பது உண்மையான நெருக்கடி. அதற்கு விடை, சுத்தம் செய்வதையும் குளிர்விப்பதையும் ஒரே வேலையாகப் பார்க்கும் பழக்கத்தை விடுவது. குடல் நீக்க நேரமில்லை என்றால் மீனை அப்படியே, முழுதாக, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த தொட்டியில் தள்ளிவிட்டு, வலையை இழுத்த பிறகு எடுத்துச் சுத்தம் செய்யலாம். குளிர்ந்த நீர் மீனின் எல்லாப் பக்கத்தையும் தொடுவதால், நீர் சேராத பனிக்கட்டி அடுக்கைவிட வேகமாகச் சூட்டை இழுக்கிறது.

எவ்வளவு பனிக்கட்டி வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்குகிறது. ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 0.8 கிலோகலோரி போதும். ஆகவே மீனின் எடையை அதன் வெப்பநிலையால் பெருக்கி நூறால் வகுத்தால், அதை 0 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான பனிக்கட்டி கிடைக்கும். 20 டிகிரியில் உள்ள 100 கிலோ மீனுக்கு 20 கிலோ. கடல்நீரையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். இது குளிர்விக்க மட்டுமே. கரை சேரும் வரை வெளிச்சூட்டை எதிர்த்துக் குளிரைக் காக்க இன்னும் வேண்டும். வெப்பப் பகுதிகளில், நன்கு காப்பிடாத பெட்டிகளில், மீனுக்குச் சமமான எடைப் பனிக்கட்டி என்ற நடைமுறை அளவு அதனால்தான் நிலைத்திருக்கிறது. பனிக்கட்டியை மிச்சம் பிடித்த படகு, அந்த மிச்சத்தைவிட அதிகமாகத் தரத்தில் இழக்கிறது.

அடுக்கும் முறையும் பனிக்கட்டியின் அளவுக்கு நிகராக முக்கியம். மீன் அடுக்கின் தடிமன் இரண்டு மடங்கானால் நடுவிலுள்ள மீன் குளிர ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மேலே மட்டும் பனிக்கட்டியைத் தூவிய ஆழமான பெட்டியில் நடுமீன் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், மேலே பார்த்தவருக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரியும். அடியில், இடையில், பக்கங்களில், மேலே எனப் பனிக்கட்டி இருக்க வேண்டும். உருகிய நீர் வெளியேற வழி வேண்டும், அது மேல்பெட்டியிலிருந்து கீழ்ப்பெட்டி மீனின் மேல் வடியக் கூடாது. உருகாத, உலர்ந்த கடும் பனிக்கட்டியைவிட உருகிக்கொண்டிருக்கும் நொறுக்குப் பனிக்கட்டிதான் நல்லது. அது மீனை ஒட்டிக் கிடந்து, 0 டிகிரியில் தானே நின்று, தோலைக் கழுவிக்கொண்டும் ஈரமாக வைத்துக்கொண்டும் இருக்கிறது. எந்த இயந்திரமும் இவ்வளவு எளிதாக வெப்பநிலையை ஒரே புள்ளியில் பிடித்து வைப்பதில்லை.

ஏலக்கூடத்தின் மூன்று மணி நேரமும் பனிக்கட்டியோடு கழிந்திருந்தால் மிச்சமாவது 0.38 நாள். வண்டி 0 டிகிரியில் ஓடியிருந்தால் 0.44. கடையில் மீனை வெறும் குளிர்காற்றில் வைக்காமல் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்திருந்தால் 1.38. தனித்தனியாக இவற்றில் எதுவும் இரண்டாம் பங்கைக் காப்பாற்றாது. மூன்றும் சேர்ந்தால் மொத்தச் செலவு 11.62 நாளாகிறது, மீன் தப்புகிறது. குளிர்ச் சங்கிலியில் ஒவ்வொருவரும் ‘என் பங்கில் இரண்டு டிகிரிதானே’ என்று நினைப்பதன் விலை இந்த எண்களில் இருக்கிறது. கடைகளின் மேடையில் பனிக்கட்டிப் படுக்கையின் மேல் மீனைப் பரப்பி, மேற்புறத்தைத் திறந்து வைக்கும் அலங்காரமும் இதில் சேர்த்தி. அடிப்புறம் 0 டிகிரியில் இருக்க, விளக்கொளியும் அறைக்காற்றும் படும் மேற்புறம் அதைவிட வெகுவாகச் சூடேறி, வறண்டு போகிறது.

வீட்டில் செய்யக்கூடியது, கணக்குப்படி, எல்லாவற்றையும்விடப் பெரியது. ஏனெனில் சங்கிலியிலேயே அதிகச் சூடும் நீண்ட நேரமும் சேரும் இடம் அதுதான். துளையுள்ள தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி, மூடிய மீனை அதன்மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் பனிக்கட்டியால் மூடி, அடியில் வடியும் நீரை அவ்வப்போது கொட்டினால், அதே குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். இரண்டு நாளில் 4.5க்குப் பதில் 2 நாள்தான் செலவாகும். வேறெதுவும் மாறாமலேயே இரண்டாம் பங்கின் மொத்தம் 11.32க்கு இறங்குகிறது. வாங்கியவர் தான் செய்யாத சேதத்தை ஈடுகட்டுகிறார் என்பது நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஈடுகட்டும் வழி அவர் கையில் இருக்கிறது.

உறையவைப்பது பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் சமைக்க முடியாது என்று தெரிந்தால், வாங்கிய அன்றே உறையவைக்க வேண்டும். பலர் மீன் தளரத் தொடங்கியதும் ‘வீணாகிவிடுமே’ என்று மூன்றாம் நாள் உறைபெட்டியில் போடுகிறார்கள். உறைந்த மீனின் தரம், உறையும் கணத்தில் இருந்த தரத்தைவிட உயர்வதே இல்லை. இறுகச் சுற்றி, மெல்லிய துண்டுகளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தால் வேகமாக உறையும். மெதுவாக உறையும்போது உண்டாகும் பெரிய பனிப்படிகங்கள் செல்சவ்வைக் குத்திக் கிழித்து, பனி விட்டதும் சாறாக வடிய வைக்கின்றன.

கணக்கு செல்லாத இடங்கள்

வீணாவதைக் குறைக்கும் ஆர்வத்தில், பாதுகாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு இடங்கள் உள்ளன. நம் நிகழ்வின் மீன் வெள்ளைச் சதை மீன். அது சூரையாகவோ கானாங்கெளுத்தியாகவோ மத்தியாகவோ இருந்திருந்தால், தளத்தில் கிடந்த ஆறு மணி நேரம் வேறு பொருள் பெறும். இவ்வின மீன்களின் சதையில் மிகுந்துள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை, சூட்டில் பெருகும் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. அது சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். கோடெக்ஸ் என்னும் உலக உணவுத் தரநிலை, கெட்டுப்போனதன் அடையாளமாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும், பாதுகாப்பின் எல்லையாக 200 மில்லிகிராமையும் வைக்கிறது. அப்படிப்பட்ட மீனைத் தூக்கி எறிவது வீணாக்கம் ஆகாது. அதை விற்பதுதான் குற்றம். அந்த மீன்களுக்குப் படகிலேயே உடனடிக் குளிர் என்பது தரத்தின் கேள்வி அன்று, உடல்நலத்தின் கேள்வி.

மற்றது, காற்று நீக்கிய பொட்டலம். ஆக்சிஜன் இல்லாததால் சில பாக்டீரியாக்கள் அடங்கி, வாடை வரத் தாமதமாகும். ஆனால் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் ஈ வகை ஆக்சிஜன் இல்லாமல், 3 டிகிரியை ஒட்டிய குளிரிலும் வளரக்கூடியது. வாடை எச்சரிக்கும் முன்பே நஞ்சு உருவாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பொட்டலம் குளிருக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பெட்டியோடு பயணிக்க வேண்டிய செய்தி

இதுவரை பேசிய திருத்தங்கள் எல்லாம் கூடுதல் பனிக்கட்டியையோ கூடுதல் உழைப்பையோ கேட்பவை. இரண்டும் கேட்காத திருத்தம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு நேரங்களை எழுதுவது: வலை ஏறிய நேரம், பனிக்கட்டி கண்ட நேரம். இன்று பெட்டியோடு வருவது இனமும் எடையும், சில இடங்களில் பிடித்த நாளும்தான். இரண்டு நேரங்களுக்கு இடையிலான இடைவெளி எழுதப்படாததால், ஏலத்தில் இரண்டு பங்கும் ஒரே விலைக்குப் போகின்றன. மீனை உடனே பனிக்கட்டியில் வைக்கக் கவனமாக உழைத்தவருக்கு அதற்கான பலன் கிடைப்பதில்லை, ஆகவே அடுத்த முறை அந்தக் கவனத்துக்குக் காரணமும் இருப்பதில்லை. எழுதினால் தன் பெட்டிக்கு விலை குறையும் என்ற அச்சம் இரண்டாம் பங்குக்காரருக்கு இருக்கும், அது நியாயமான அச்சமே. அதனால் அந்த எழுத்து ஒருவரின் விருப்பத்தைச் சார்ந்திராமல், ஏலக்கூடத்தின் நுழைவு நிபந்தனையாக, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சிறு வெப்பப் பதிவுக் கருவியை ஒரு தொகுதிக்கு ஒன்று வைப்பதும், வெப்பமும் நேரமும் சேர்ந்து நிறம் மாற்றும் ஒட்டுச்சீட்டுகளும் அந்த எழுத்தைச் சரிபார்க்க உதவும்.

அந்தச் செய்தி கடைக்காரருக்குக் கிடைத்திருந்தால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், அது போதும். இரண்டு பங்கும் வண்டியிலிருந்து இறங்கிய காலையில், 5.94 நாள் செலவழித்துவிட்ட இரண்டாம் பங்கை மேடையின் முன்னால் வைத்து அன்றே விற்றுவிட்டு, 3.94 நாள் மட்டுமே செலவழித்த முதற்பங்கைப் பின்னால் நிறுத்தியிருப்பார். இரண்டாம் பங்கு மீனை வாங்கியவர் அதே 5 டிகிரியில் அதே இரண்டு நாள் வைத்திருந்து சமைத்தாலும் மொத்தம் 10.44 நாள். இரண்டு நாள் கடையில் காத்திருந்து, பிறகு இரண்டு நாள் வீட்டில் இருந்த முதற்பங்கு மீனுக்கு முன்போலவே 11.82. இரண்டும் உண்ணப்படுகின்றன.